பிள்ளையை இளைக்க வைக்க சிங்கப்பூர் வழி சரிதானா?

கேள்வி: பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் மகனுக்கு 10 வயது. டவுனில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. உயரம் 138 செ.மீ., எடை 48 கிலோ. காலையில் வேன் சீக்கிரம் வந்துவிடுவதால் சத்து பானம் கலந்த பாலும் கிரீம் பிஸ்கட்டும்தான். மதியம் லெமன் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் மாதிரி கட்டிக் கொடுக்கிறேன். சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் கடையில் சிப்ஸும் கூல்டிரிங்ஸும் வாங்குவான். தாத்தா பஜ்ஜி வாங்கி வருவார். ஆறிலிருந்து எட்டு வரை டியூஷன். அப்புறம் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஐந்தாறு தோசை சாப்பிடுவான். தூங்கப் பதினொன்று ஆகிவிடும். கழுத்துக்குப் பின்னால் கறுப்பாக இருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. அரசுப் பள்ளியில் படிக்கும் நாத்தனார் மகள் சரியான எடையில் இருக்கிறாள். மாமியாரோ, "வளர்ற பிள்ளை, வயசுக்கு வந்தா தானா இளைச்சிடுவான்" என்கிறார். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அங்கே ஒரு காலத்தில் குண்டான பிள்ளைகளைப் பள்ளியிலேயே தனியாகப் பிரித்து ஓடவிட்டு இளைக்க வைத்தார்களாம். அதேபோல இவனையும் ஒரு கோச்சிடம் விட்டு, சாப்பாட்டையும் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். மற்ற நாடுகளில் எல்லாம் என்ன செய்கிறார்கள்? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் கேள்விப்பட்டது உண்மைதான். 1992-ல் சிங்கப்பூர் அரசு பள்ளிகளில் அப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, இடைவேளையிலும் வகுப்புக்கு முன்னும் பின்னும் கூடுதலாக ஓட்டம், ஸ்கிப்பிங் என்று பயிற்சி கொடுத்தார்கள். பள்ளி கேண்டீனிலும் கட்டுப்பாடு வந்தது. பருமனான பிள்ளைகளின் விகிதமும் குறைந்தது. ஆனாலும் 2007-ல் அரசே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மற்ற பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது "குண்டுப் பிள்ளைகள்" மட்டும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஓடினார்கள். அவர்களைக் கேலி செய்தார்கள். சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் நோய் வந்துவிடுமோ என்ற கவலையும் எழுந்தது. அதற்குப் பதிலாக, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஆரோக்கியத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

அதே சிங்கப்பூர் இப்போது என்ன செய்கிறது என்று கணவரிடமே கேளுங்கள். கடையில் குளிர்பான பாட்டில் எடுக்கும்போது அதன் மேல் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பார். சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு என்பதை வைத்து 2022 டிசம்பர் கடைசியிலிருந்து கொடுக்கும் தரம் அது. சி, டி தரம் வாங்கினால் எழுத்தைக் கட்டாயம் அச்சிட வேண்டும். டி வாங்கிய பானத்துக்கு விளம்பரமே கூடாது. மோசமான எழுத்தைப் போட எந்தக் கம்பெனிதான் விரும்பும்? சர்க்கரையைக் குறைத்தார்கள். அங்கே விற்கும் பாட்டில் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017-ல் 7.1 சதவீதமாக இருந்தது, 2023-ல் 4.6 சதவீதமாக இறங்கிவிட்டது. ஒரு பிள்ளையைக்கூட வரிசையில் தனியாக நிறுத்தவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. பிள்ளையைத் திருத்தப் பார்த்த இடங்களில் பிள்ளைகள் காயப்பட்டார்கள். பிள்ளையைச் சுற்றியிருக்கும் கடை, பள்ளி, விலை, விளம்பரம் ஆகியவற்றைத் திருத்திய இடங்களில் கொஞ்சமாவது பலன் கிடைத்தது. வீட்டுக்கும் இதே கணக்குதான்.

இங்கிலாந்தில் 2006-லிருந்து பள்ளியில் சேரும்போது ஒருமுறையும் பத்துப் பதினோரு வயதில் ஒருமுறையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடை, உயரம் பார்க்கிறார்கள். நாடு முழுக்க நிலைமை எப்படி என்று தெரிந்துகொள்ள அது அவசியம். ஆனால் எடை பார்த்துப் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினால் மட்டும் பிள்ளை இளைத்துவிடாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பள்ளிகளில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு அறிக்கை போன பிள்ளைகளின் எடையில் எந்த மாற்றமும் இல்லை. பள்ளியில் எடை பார்த்த பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய மனக்குறை கூடியதுதான் மிச்சம். அதனால் வாரா வாரம் அவனை மெஷினில் ஏற்றி, எல்லோர் முன்னாலும் நம்பரைப் படிக்காதீர்கள்.

இங்கிலாந்து செய்ததில் எனக்குப் பிடித்தது குளிர்பான வரி. 2016-ல் அறிவித்து 2018 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை. 5 கிராமிலிருந்து 8 கிராமுக்குள் என்றால் லிட்டருக்கு 18 பென்ஸ், அதற்கு மேல் 24 பென்ஸ் என்று ஆரம்பித்தார்கள். இடையில் கிடைத்த இரண்டு வருடத்தில் பல கம்பெனிகள் சர்க்கரையை 5 கிராமுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டன. யாரும் பழக்கத்தை மாற்றாமலேயே பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகும் சர்க்கரை குறைந்தது. பத்துப் பதினோரு வயதுப் பெண் பிள்ளைகளிடம் பருமன், வரி இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 8 சதவீதம் குறைவாக இருந்ததாக கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2023-ல் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளிடம் அப்படித் தெளிவான மாற்றம் தெரியவில்லை.

நம் நாட்டிலும் குளிர்பானத்துக்கு வரி உண்டு, 40 சதவீதம். ஆனால் சர்க்கரை போட்டதற்கும் போடாததற்கும் ஒரே வரி. கம்பெனி சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாலும் அதற்கு ஒரு பைசா லாபம் இல்லை, அப்புறம் ஏன் குறைக்கப்போகிறது? 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் வரி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. குடும்பச் செலவு குறைவது நல்லதுதான். குழந்தை மருத்துவராக எனக்கு அதில் கவலை இருக்கிறது.

மெக்ஸிகோ 2014-ல் லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. முதல் வருடமே சர்க்கரைப் பானம் வாங்குவது சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. டென்மார்க் 2011-ல் கொழுப்புக்கு வரி போட்டுப் பார்த்தது. மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய் வெண்ணெய் வாங்க ஆரம்பித்ததும், 2013 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். வரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

இதையெல்லாம்விடத் துணிச்சலாக இறங்கிய நாடு சிலி. 2016 ஜூனிலிருந்து அங்கே சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு, கலோரி அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கம் எண்கோண வடிவில் கறுப்பு முத்திரை இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஒரே பாக்கெட்டில் மூன்று நான்கு முத்திரைகூட விழும். முத்திரை விழுந்த பொருளைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது, 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது, பாக்கெட்டில் கார்ட்டூன் பொம்மையும் கூடாது. முதல் கட்டத்திலேயே சர்க்கரைப் பானம் வாங்குவது ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது. பிள்ளைகளின் பருமன் விகிதம் அதே வேகத்தில் இறங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நம் ஊரில் வர வேண்டியது இந்த முத்திரைதான் என்பது என் உறுதியான கருத்து. இங்கே 2022-ல் நட்சத்திரம் போடும் ஒரு வரைவைக் கொண்டுவந்தார்கள். ஒரு சிப்ஸ் பாக்கெட்டில் இரண்டு நட்சத்திரம் இருந்தால், "பரவாயில்லை, ரெண்டு ஸ்டார் வாங்கியிருக்கே" என்றுதான் வாங்கிக் கொடுப்போம். கறுப்பு முத்திரையைப் பார்த்தால் கை கொஞ்சம் தயங்கும்.

தென் கொரியாவில் பள்ளியைச் சுற்றி 200 மீட்டருக்குள் குழந்தைகள் உணவுப் பாதுகாப்பு மண்டலம் என்று 2009-லிருந்து வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் சட்டம் இருக்கிறது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் போட்ட விதிப்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டத்தைப் பள்ளி கேண்டீனிலோ பள்ளி வளாகத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளோ பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதை எழுந்து கேளுங்கள். நாலு அம்மாக்கள் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. பள்ளி அசையவில்லை என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் மனு கொடுக்கலாம். பெட்டிக்கடைக்காரர் வயிற்றில் அடிக்க வேண்டியதில்லை. அவரே வேர்க்கடலை, வாழைப்பழம், மோர் பாக்கெட் வைத்து விற்கலாம்.

இப்போது ஜப்பான். வளர்ந்த நாடுகளில் குழந்தைப் பருமன் மிகக் குறைவாக இருக்கும் நாடுகளில் ஒன்று. 1954-லேயே பள்ளி மதிய உணவுக்குச் சட்டம் போட்டவர்கள். தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு போவதில்லை. சோறு, மீன், காய், சூப் என்று எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. பிள்ளைகளே முறை வைத்து ஏப்ரன் கட்டிக்கொண்டு மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். ஆசிரியரும் வகுப்பிலேயே உட்கார்ந்து அதையே சாப்பிடுவார். 2005-ல் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து, பள்ளிகளில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பதவியையும் ஏற்படுத்தினார்கள். அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நடந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். நோய் வந்த பிறகு செய்யும் வைத்தியம் இதில் எதுவும் இல்லை. தினசரி வாழ்க்கையே அப்படி அமைந்திருக்கிறது.

இதைப் படிக்கும்போது உங்கள் நாத்தனார் மகள் நினைவுக்கு வருகிறாள். அரசு தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் காலை உணவுத் திட்டத்தை விரிவாக்கியது நம் டெல்டாவின் திருக்குவளையில்தான், 2023 ஆகஸ்ட் 25-ல். காலையில் பொங்கலோ கிச்சடியோ காய்கறி சாம்பாருடன். மதியம் காமராஜர் காலத்தில் ஆரம்பித்து எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய சத்துணவு, முட்டையோடு. பள்ளியும் பெரும்பாலும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கும். அவள் எடை சரியாக இருக்க இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஒவ்வொரு உடம்பும் ஒரு விதம். ஆனால் நேரத்துக்குச் சுடச்சுடச் சோறும் கொஞ்சம் நடையும் அவளுக்குத் தானாகக் கிடைக்கின்றன. ஃபீஸ் கட்டிப் படிக்கும் உங்கள் மகனுக்கு பிஸ்கட்டும் வேன் சீட்டும்தான் கிடைக்கின்றன.

பிரேசிலையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் பொருள் வாங்க வேண்டும் என்று 2009-ல் சட்டம் போட்டார்கள். சம்பா அறுவடைக்குப் பின் நம் வயல்களில் விளையும் உளுந்தும் பயறும் இப்படி நேராகப் பள்ளிக்கூடத்து அடுப்புக்குப் போனால் எப்படி இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம்.

மகனின் எடையும் உயரமும் வளர்ச்சி அட்டவணையில் உடல் பருமன் பகுதியில்தான் விழுகின்றன. நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அவன் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து இரண்டாக மடியுங்கள். மடித்த நூல் அவன் இடுப்பைச் சுற்றி வர வேண்டும். 138 செ.மீ. பிள்ளைக்கு 69. நூல் பற்றவில்லை என்றால் வயிற்றுக்குள் கொழுப்பு சேருகிறது என்று பொருள். கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை. தயவுசெய்து தேய்க்காதீர்கள், பிள்ளைக்கு வலிக்கும். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், கூடுதலாகச் சுரக்கும்போது தோல் இப்படித் தடித்துக் கறுக்கும். எடை கட்டுக்குள் வந்தால் மெல்ல மங்கும்.

மாமியார் சொல்வதை நான் மரியாதையோடு மறுக்கிறேன். பருமனான பிள்ளைகளில் பாதிக்கு மேல் பதின்ம வயதிலும் அப்படியே இருக்கிறார்கள். பதின்ம வயதில் பருமனாக இருப்பவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் பெரியவர்களான பிறகும் அப்படியே இருக்கிறார்கள் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. ஆனால் அவர் மேல் கோபப்படாதீர்கள். புயலையும் வெள்ளத்தையும் பார்த்து, கஞ்சியைப் பங்கு போட்டுக் குடித்த தலைமுறை. அவருக்குப் புஷ்டியான பேரன் என்றால் பசி இல்லாத வீடு. அவரை எதிரில் நிறுத்தினால் இந்த வேலை நடக்காது, உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது சாயங்கால நேரம். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை நாலரைக்கு இறங்கும்போது நிஜமாகவே பசியோடு இறங்குகிறான். அந்தப் பசியைக் கடைக்காரர் தீர்க்கிறார், நாம் தீர்ப்பதில்லை. இந்த வேலையைப் பாட்டியிடம் கொடுங்கள். அவன் வரும்போது பாசிப்பயறு சுண்டலோ, கொண்டைக்கடலையோ, உளுந்தங்களியோ, ஒரு முட்டையோ தயாராக இருக்கட்டும். களியில் வெல்லம் குறைவாக. தாத்தா பஜ்ஜி வாங்கப் போகும் நேரத்தில் வேன் நிற்கும் இடத்துக்குப் போகட்டும். வேனை ஒரு நிறுத்தம் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி, இரண்டு பேரும் வாய்க்கால் கரையோரமாகப் பேசிக்கொண்டே நடந்து வரட்டும். கடையைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றால் வேறு தெருவில் வாருங்கள்.

கூல்டிரிங்ஸை வீட்டுக்குள்ளேயே வாங்காதீர்கள். அவனுக்கு மட்டும் தடை போட்டுவிட்டு ஃபிரிட்ஜில் பெரியவர்களுக்கு வைத்திருந்தால் அது தண்டனைதான். 250 மில்லி கோலாவில் 26 கிராம் அளவுக்குச் சர்க்கரை, அதாவது ஐந்து டீஸ்பூனுக்கு மேல். தண்ணீர், மோர், எப்போதாவது இளநீர் போதும். பழத்தை ஜூஸ் போடாமல் அப்படியே கொடுங்கள். சத்து பானப் பொடியின் டப்பாவைத் திருப்பி, 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். இந்த மாதிரிப் பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகமே 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லிவிட்டது. வெறும் பால் போதும்.

சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்க வேண்டாம். வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டால் ராத்திரி எழுந்து டப்பாவைத் திறப்பான். தட்டில் இருப்பதை மாற்றுங்கள். லெமன் சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் என்றால் சோற்றுக்குச் சோறே தொட்டுக்கொள்வது மாதிரிதான். அதற்குப் பதில் அவரைக்காய், வாழைத்தண்டுக் கூட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், கூட ஒரு முட்டை. அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தி மீன் குழம்பு அருமையான சாப்பாடு, விலையும் குறைவு. வறுக்காமல் குழம்பாக வையுங்கள். காலையில் பத்து நிமிடம் முன்னால் எழுப்பி இரண்டு இட்லி, சாம்பார். மாப்பிள்ளை சம்பா மாதிரிப் பாரம்பரிய அரிசி கிடைத்தால் நல்லது, ஆனால் அதையும் மலையாகக் குவித்தால் கணக்கு ஒன்றுதான். இரவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, செல்போன் இல்லாமல் சாப்பிடுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. உங்கள் போனும் சேர்த்துத்தான்.

டியூஷன் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நாள்தோறும் இரண்டு மணி நேர டியூஷன் வேண்டாம். இந்த வயதில் தினம் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும், 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். உங்கள் மகனின் நாளில் இரண்டுக்கும் இடமே இல்லை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும். கோச்சிடம் விடுவது தவறில்லை, ஆனால் இளைப்பதற்காக என்று சொல்லி விடாதீர்கள். சிலம்பமோ, கபடியோ, நீச்சலோ, எது வேண்டும் என்று அவனே சொல்லட்டும், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து போகட்டும். உளுந்து போடாத தரிசு வயலில் பையன்கள் கிரிக்கெட் ஆடினால் அதுவும் போதும். ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு, நீச்சல் தெரிந்த பெரியவர் கூட இருந்தால் மட்டும் இறங்க விடுங்கள்.

பின்லாந்தில் சேய்நயோகி என்று ஓர் ஊர். அங்கே 2009-ல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். 2015-ல் அது 10 சதவீதம். ஒரே மருந்தோ ஒரே தடையோ இல்லை. பால்வாடிகளில் இனிப்புப் பண்டத்தைக் குறைத்தார்கள், பள்ளி மைதானங்களைச் சீர்செய்தார்கள், சாப்பாட்டை மாற்றினார்கள், செவிலியர் பெற்றோரிடம் பேசினார். எல்லாத் துறையும் சேர்ந்து செய்ய ஆறு வருடம் பிடித்தது. அதனால் ஆறு வாரத்தில் மகன் இளைக்கவில்லையே என்று கலங்க வேண்டாம். இப்போதைக்கு எடை 48-லேயே நின்றாலே வெற்றிதான். உயரம் கூடக் கூட உடம்பு தானாகச் சரியான அளவுக்கு வரும்.

ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்தம் பாருங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளும் செய்துவிடுங்கள். தைராய்டாக இருக்குமோ என்று பலர் கேட்பார்கள். உயரம் நன்றாக ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. ஆனால் உயரம் நின்றுபோய் எடை மட்டும் ஏறினாலோ, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வந்தாலோ, அடிக்கடி தாகமும் சிறுநீரும் இருந்தாலோ, நொண்டி நடந்தாலோ, இதையெல்லாம் செய்து பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உடனே அழைத்துப் போய்க் காட்டுங்கள்.